பூட்டைத் திறந்துவிடுங்கள்: சென்னைக் கட்டடங்களுக்காக ஒரு கோரிக்கைச் சாசனம்

தமிழ்நாடு அரசுக்கும், பெருநகரச் சென்னை மாநகராட்சிக்கும், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமத்துக்கும், பொதுப்பணித் துறைக்கும், தெற்கு ரயில்வேக்கும், மெட்ரோ ரயில் நிறுவனத்துக்கும், எல்.ஐ.சி.க்கும் இந்த ஊர்க்காரர்கள் எழுதிக்கொள்வது.

எங்களில் கட்டடக் கலை படித்தவர்கள் நாலைந்து பேர்தான். மற்றபடி கொத்தனார்கள் இருக்கிறார்கள், கோட்டூர்புரம் நூலகத்தில் போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்கள் இருக்கிறார்கள், ஓய்வுபெற்ற ரயில்வே குமாஸ்தா இருக்கிறார், நாடகம் போட மலிவான மேடை தேடி அலைகிறவர்கள் இருக்கிறார்கள். இந்தோ சாரசனிக் பாணி அழகா, வெள்ளைக்காரன் கட்டிக்கொண்ட வேஷமா என்று கேட்டால் இந்தக் கூட்டம் இரண்டாகப் பிரிந்து விடியும்வரை வாதாடும். ஒரு விஷயத்தில் மட்டும் எல்லோருக்கும் ஒரே எண்ணம். இந்த ஊரில் ஆள் புழங்கிய கட்டடம் பிழைத்தது. பூட்டிப்போட்ட கட்டடம் இற்றுப்போனது.

நினைவூட்டுகிறோம். 2003இல் கடற்கரைச் சாலை ராணி மேரிக் கல்லூரியை அகற்றிவிட்டு அங்கே தலைமைச் செயலகம் கட்டப்போவதாக அரசு அறிவித்தது. மாணவிகள் வளாகத்தைவிட்டு வெளியேற மறுத்து உட்கார்ந்தார்கள். 1914இல் தொடங்கிய கல்லூரி இன்றும் அதே இடத்தில் நடக்கிறது. கோட்டூர்புரத்தில் 2010 செப்டம்பர் 15 அன்று திறந்த அண்ணா நூற்றாண்டு நூலகத்தை அடுத்த ஆண்டே குழந்தைகள் மருத்துவமனையாக மாற்றப்போவதாக அறிவிப்பு வந்தது. வாசகர்கள் நீதிமன்றம் போனார்கள், தடை வாங்கினார்கள். இன்று காலையில் கொஞ்சம் தாமதமாகப் போனால் அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. இரண்டு இடத்திலும் உள்ளே ஆட்கள் இருந்தார்கள், அவர்களுக்கு அந்த இடம் வேண்டியிருந்தது.

இப்போது மவுண்ட் ரோட்டுக்கு வாருங்கள். அண்ணா சாலை என்று பெயர் மாறி எத்தனையோ ஆண்டுகள் ஆகியும் பஸ்ஸில் பாதிப்பேர் மவுண்ட் ரோடு என்றுதான் டிக்கெட் கேட்கிறார்கள். அங்கே 1897இல் ஜே.எச்.ஸ்டீபன்ஸ் வரைந்து எழுந்த பாரத் இன்சூரன்ஸ் கட்டடம் நிற்கிறது. ஸ்மித் என்ற மருந்து வணிகருக்காகக் கட்டியது. கூர்ங்கோபுரங்கள், வளைவுகள், சிவந்த செங்கல் என்று ஒரு காலத்தில் தெருவையே தன் பக்கம் திருப்பிய கட்டடம். பிறகு பாரத் இன்சூரன்ஸ் நிறுவனத்திடம் போய், காப்பீட்டு நிறுவனங்கள் நாட்டுடைமையானபோது எல்.ஐ.சி. கைக்கு வந்தது. 2006இல் இடிக்கத் தொடங்கினார்கள். மரபுப் பாதுகாப்புக்காக இயங்கும் இன்டாக் அமைப்பு வழக்குப் போட்டது. 2010 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் இடிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொன்னது. தீர்ப்பைக் கொண்டாடினோம். இடிக்கும் கை நின்றது, திருத்தும் கை வரவில்லை. தீர்ப்பு வந்து பத்தாண்டு கழிந்தும் அது இடிபாடாகவே நின்றது. நடந்து போகும் தூரத்தில், அதே ரோட்டில், அதே எல்.ஐ.சி.யின் பதினான்கு மாடிக் கட்டடம் 1959 முதல் தலைநிமிர்ந்து நிற்கிறது. 177 அடி உயரம், திறந்தபோது நாட்டிலேயே உயரமானது. சினிமாவில் கதாநாயகன் பட்டணத்துக்கு வந்துவிட்டான் என்று காட்ட சென்ட்ரல் ஸ்டேஷனுக்கு அடுத்து அதைத்தான் காட்டினார்கள். ஒரே முதலாளிக்கு இரண்டு கட்டடம். ஒன்றில் அலுவலகம் நடக்கிறது, இன்னொன்றில் செடி முளைக்கிறது.

ஆகவே இவற்றைக் கேட்கிறோம்.

கோரிக்கை 1

அரசுக்கோ அரசு நிறுவனத்துக்கோ சொந்தமாக இருந்து பூட்டிக் கிடக்கும் ஒவ்வொரு பழைய கட்டடத்தின் வாசலிலும் ஒரு பலகை வேண்டும். எந்தத் தேதியில் பூட்டினார்கள், ஏன் பூட்டினார்கள், எப்போது திறப்பார்கள், கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டிய அதிகாரியின் பதவி என்ன என்று தமிழில் எழுதியிருக்க வேண்டும். ‘பாதுகாப்புக் கருதி’ என்ற இரண்டு சொல்லோடு எங்களைத் திருப்பி அனுப்பக் கூடாது.

அந்தச் சொல்லின் நீளம் எங்களுக்குத் தெரியும். எழும்பூர் அருங்காட்சியக வளாகத்தில் ஹென்றி இர்வின் கட்டி 1909இல் திறந்த தேசியக் கலைக்கூடம் விரிசல் என்று சொல்லி மூடப்பட்டுப் பல ஆண்டுகள் அப்படியே கிடந்தது. வெளியே நின்று சிவப்பு முகப்பைப் படம் எடுத்துக்கொண்டு திரும்பிய ஒரு தலைமுறையே இருக்கிறது. மெரினா கலங்கரை விளக்கத்தில் 1990களில் நிறுத்திய பொது அனுமதி 2013 நவம்பரில்தான் திரும்பியது. 1968 வர்த்தகக் கண்காட்சிக்காக எழுப்பிய அண்ணா நகர் கோபுரத்தில் தற்கொலைகள் நடந்தன என்று 2011இல் படிக்கட்டை அடைத்தார்கள். தடுப்புக் கம்பி அடித்து, வண்ணம் பூசி, 2023இல் திறந்தார்கள். தடுப்புக் கம்பி போட எதற்குப் பன்னிரண்டு ஆண்டு என்று நாங்கள் கேட்கவில்லை. அடுத்த கட்டடத்துக்கு அவ்வளவு காலம் ஆகக் கூடாது என்று மட்டும் கேட்கிறோம்.

கோரிக்கை 2

பாரத் இன்சூரன்ஸ் கட்டடத்துக்கு ஒரு கால அட்டவணை. மூன்று மாதத்துக்குள் எல்.ஐ.சி. அதை வெளியிட வேண்டும். முடியாது என்றால் கட்டடத்தை மாநகராட்சியிடமோ தொல்லியல் துறையிடமோ குத்தகைக்குக் கொடுத்துவிட வேண்டும். இதில் வேறு பேச்சு இல்லை.

கோரிக்கை 3

இதுதான் எங்கள் கொத்தனார்கள் வற்புறுத்திச் சேர்த்த கோரிக்கை, இதைத்தான் நீங்கள் முதலில் செய்ய முடியும். ஒவ்வொரு ஆண்டும் ஐப்பசி அடைமழைக்கு முன், செப்டம்பர் முடிவதற்குள், ஊரின் எல்லாப் பழைய அரசுக் கட்டடங்களிலும் மொட்டை மாடிக்கு ஆள் ஏற வேண்டும். தூம்பில் அடைத்த சருகை எடுக்க வேண்டும். கைப்பிடிச் சுவரிலும் விளிம்புகளிலும் முளைத்த அரசங்கன்றையும் ஆலங்கன்றையும் வேரோடு எடுக்க வேண்டும். காக்கை எச்சத்தில் வரும் விதை அது. விரல் நீளம் இருக்கும்போது ஒரு சித்தாள் கையால் பிடுங்கிவிடுவார். நாலு வருஷம் விட்டால் சுவருக்குள் வேர் ஓடி, கல்லைப் பிளந்து, அதை எடுக்கவே டெண்டர் விட வேண்டியிருக்கும். சென்னையின் பல மாளிகைகளுக்குப் பீரங்கியைவிட இந்தக் கன்றுதான் பெரிய எதிரி. 1914 செப்டம்பர் 22 இரவில் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் வந்து குண்டு போட்டுவிட்டுப் போயிற்று. உயர் நீதிமன்ற மதிலில் அதற்கு ஒரு கல்வெட்டு வைத்துவிட்டு ஊர் வேலையைப் பார்க்கத் தொடங்கியது. அரசங்கன்று அப்படி ஒரே இரவில் வந்துவிட்டுப் போகிற ஆள் கிடையாது.

இன்னொன்று, சிமென்ட். இந்த ஊரின் பழைய வீடுகளுக்கும் அலுவலகங்களுக்கும் மேல்தளம் ‘மெட்ராஸ் ஒட்டு’. தேக்குச் சட்டங்களை வரிசையாக இறக்கி, சன்னமான செங்கல்லைக் குத்துவாக்கில் சாய்வரிசையாகச் சுண்ணாம்புக் காரையில் பதித்து, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி, கடுக்காயும் வெல்லமும் ஊறிய தண்ணீரைத் தெளித்துத் தெளித்துக் கட்டையால் நாள் கணக்காக அடிப்பார்கள். பெண்கள் வரிசையாக உட்கார்ந்து பாட்டுப் பாடிக்கொண்டே அடிப்பார்கள் என்று எங்கள் மூத்த கொத்தனார் சொல்கிறார். அதன் மேல் தட்டோடு. அந்தத் தளம் கோடையில் வெப்பத்தை இறங்க விடாது, மழையில் கொஞ்சம் ஈரம் குடித்து வெயிலில் விட்டுவிடும். அப்படி மூச்சு விடும் தளத்தின் மேலும் சுவரின் மேலும் ‘பலப்படுத்துகிறோம்’ என்று சிமென்ட் பூசினால் ஈரம் உள்ளேயே சிக்கும். உப்புப் பூக்கும், செங்கல் பொடியும், தேக்குச் சட்டத்தின் நுனி சுவருக்குள்ளேயே மக்கும். மேலே பளபளப்பு, உள்ளே மாவு. பல கட்டடங்களைச் சீரமைப்புதான் சாகடித்தது.

ஆகவே பழைய கட்டட வேலைகளுக்கான விலைப்பட்டியலில் சுண்ணாம்பு வேலைக்குத் தனி விலை இருக்க வேண்டும். சுண்ணாம்பை ஊறவைக்கும் நாட்களுக்கும் கூலி உண்டு என்று அதில் எழுத வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த கொத்தனார்களுக்கு வயதாகிவருகிறது. அரசுத் தொழிற்பயிற்சி நிலையங்களில் இதை ஒரு பாடமாக வைத்து, அவர்களையே ஆசிரியர்களாக அமர்த்துங்கள். பட்டம் கேட்காதீர்கள்.

கோரிக்கை 4

சேப்பாக்கம் மாளிகை 1768இல் ஆற்காட்டு நவாபு முகம்மது அலி வாலாஜாவுக்காக எழுந்தது. 2012 ஜனவரியில், பொங்கல் விடுமுறை நேரத்து இரவில், அதன் கலசா மகால் எரிந்தது. தீயணைப்பு அதிகாரி ஒருவர் உயிரிழந்தார். பூட்டு கட்டடத்தைக் கொல்லும் என்று இவ்வளவு நேரம் சொல்லிவிட்டு இதைச் சொல்லாமல் விட முடியாது. கலசா மகாலில் ஆட்கள் இருந்தார்கள், அரசு அலுவலகங்கள் நடந்துகொண்டிருந்தன. மரத்தளத்தின் மேல் மலை மலையாகக் கோப்புகளைக் கட்டி அடுக்கி வைப்பது புழக்கத்தில் சேராது. அது கிடங்கு. இருநூறு ஆண்டு மரத்துக்கும் காய்ந்த காகிதத்துக்கும் நடுவே ஒரு பழைய மின்கம்பி போதும்.

பழைய கட்டடங்களில் இருந்து தேவையற்ற கோப்புகளை ஆவணக் காப்பகத்துக்கு மாற்ற வேண்டும். மின்கம்பிகளைப் புதிதாக இழுக்க வேண்டும். தீயணைப்புத் துறை ஆண்டுக்கு ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்து அறிக்கையைப் பொதுவில் வைக்க வேண்டும். கலசா மகாலை மீட்டுக் கட்டிய பொதுப்பணித் துறையை இங்கே பாராட்டுகிறோம். எரிந்ததை இடித்துத் தள்ளச் சொன்ன குரல்களும் அப்போது இருந்தன. அதைக் கேட்காமல் சுண்ணாம்பிலேயே திரும்ப எழுப்பினார்கள். இன்று அங்கே பசுமைத் தீர்ப்பாயத்தின் தென்மண்டல அமர்வு நடக்கிறது. முடியும் என்பதற்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

மூர் மார்க்கெட்டுக்கு அந்த வாய்ப்புக் கிடைக்கவில்லை. 1900இல் திறந்த சந்தை, பழைய புத்தகமும் கிராமபோன் தட்டும் கிளிக்கூண்டும் ஒரே கூரைக்குள் விற்ற இடம், 1985 மே மாதம் எரிந்தது. அந்த இடத்தில் இன்று புறநகர் ரயில் நிலையம் இருக்கிறது. மின்சார ரயில்காரர்கள் அதை இன்னும் மூர் மார்க்கெட் என்றே குறிக்கிறார்கள். சந்தை போய்ப் பெயர் மட்டும் ரயிலேறிக்கொண்டிருக்கிறது.

கோரிக்கை 5

பட்டியலைத் திருத்துங்கள். நீதிபதி பத்மநாபன் குழு விளம்பரப் பலகை வழக்கை ஒட்டி 467 கட்டடங்களைப் பட்டியலிட்டது. 2010 தீர்ப்பு அதற்கு ஒரு மதிப்பைக் கொடுத்தது, பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. 2012இல் சட்டமன்றம் மரபு ஆணையச் சட்டம் நிறைவேற்றியது. அது நடைமுறைக்கு வர எடுத்துக்கொண்ட காலத்தில் எத்தனை முகப்புகள் போயின என்பதைத் தெருவில் நடப்பவர்களைக் கேளுங்கள். சென்னைப் பெருநகரின் மூன்றாம் முழுமைத் திட்டம் 2026 முதல் 2046 வரை இந்த ஊரின் தலையெழுத்தை எழுதப்போகிறது. பட்டியலில் உள்ள ஒவ்வொரு கட்டடமும் அதன் வரைபடத்தில் சர்வே எண்ணோடு இருக்க வேண்டும். இடிப்பு அனுமதி கேட்டு மனு வந்தால் அந்த எண்ணைத் தட்டியதும் கணினி மறுக்க வேண்டும்.

பட்டியல் இன்னும் வடக்கே போக வேண்டும் என்பது எங்கள் வடசென்னைக்காரர்களின் வருத்தம். மெரினாவும் மவுண்ட் ரோடும் முடிந்ததும் பலருடைய பேனா மை தீர்ந்துவிடுகிறது. ராயபுரம் ரயில் நிலையம் 1856இல் திறந்தது. இந்தியாவில் இன்றும் நிற்கும் நிலையங்களில் மூத்தது. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் அங்கிருந்துதான் வாலாஜா ரோடுக்குப் போயிற்று. ஆர்மீனியன் தெருவில் 1772ஆம் ஆண்டுத் தேவாலயம் இருக்கிறது. அதே தெருவில் அன்னி பெசன்ட் எழுப்பிய கோகலே மண்டபம் பாதி உடைபட்டு வழக்கில் நின்றது. பெரம்பூரில் 1918இல் சென்னைத் தொழிலாளர் சங்கம் உருவானது, நாட்டின் முதல் முறையான தொழிற்சங்கம். அந்தச் சங்கத்தார் உழைத்த பி அண்டு சி துணி ஆலை இருந்த மண்ணில் 1921 வேலைநிறுத்தத்தை நினைவூட்ட ஒரு சுவராவது மிஞ்ச வேண்டாமா? மாளிகைதான் மரபு என்றால் உழைத்தவனுக்கு இந்த ஊரில் முகவரியே இருக்காது.

காலத்திலும் பட்டியல் முன்னால் வர வேண்டும். மும்பைக்காரர்கள் 1995இலேயே பாரம்பரிய விதிகளைக் கொண்டுவந்துவிட்டார்கள். 2018இல் அவர்களுடைய ஆர்ட் டெகோ கட்டடங்கள் யுனெஸ்கோ பட்டியலில் ஏறின, கடற்கரையோர அடுக்குமாடி வீடுகளும் சினிமாக் கொட்டகைகளும் சேர்ந்து. நம்மிடமும் அந்த வகை இருக்கிறது. பாரிமுனையில் டேர் ஹவுஸ், மவுண்ட் ரோடு பக்கம் கேசினோ தியேட்டர், மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் கப்பல் தளம்போல் வளைந்த பால்கனி வைத்த வீடுகள். நாங்கள் சாந்தி தியேட்டரைக் காப்பாற்றவில்லை, உதயத்தையும் காப்பாற்றவில்லை. எல்.ஐ.சி. கோபுரம், வள்ளுவர் கோட்டம், அண்ணா நகர் கோபுரம், அண்ணா நூற்றாண்டு நூலகம் ஆகியவை இன்றே பட்டியலில் ஏறட்டும். நூறு ஆண்டு ஆகட்டும் பார்ப்போம் என்றால் நூறாவது ஆண்டில் பார்க்க எதுவும் இருக்காது.

கோரிக்கை 6

ஆட்சி மாறினால் கட்டடத்தின் வேலை மாறக் கூடாது.

ஓமந்தூரார் தோட்டத்தை வைத்துச் சொல்கிறோம். 1952 முதல் 1956 வரை சட்டமன்றம் கூடிய கட்டடம் பின்னால் கலைவாணர் அரங்கமாயிற்று. புதிய தலைமைச் செயலகத்துக்காக அதை இடித்தார்கள். ஜெர்மானியக் கட்டடக் கலைஞர்கள் வரைந்த புதிய கட்டடம் 2010 மார்ச் 13 அன்று திறந்தது. குவிமாடம் முடியாததால் விழாவுக்குச் சினிமா செட் போட்டு மூடினார்கள் என்பதை இந்த ஊர் இன்னும் சிரிப்போடு நினைவு வைத்திருக்கிறது. அடுத்த ஆண்டு ஆட்சி மாறியது, சட்டமன்றம் பழையபடி செயின்ட் ஜார்ஜ் கோட்டைக்கே திரும்பியது. 2014இல் அந்தக் கட்டடம் பன்னோக்கு மருத்துவமனையாயிற்று. மருத்துவமனை நன்றாக நடக்கிறது, ஏழைகளுக்கு உதவுகிறது. அதைத் திரும்ப மாற்றுங்கள் என்று எங்களில் ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆனால் சபை நடத்தக் கட்டியதற்குள் அறுவைசிகிச்சை அரங்கம் அமைக்க எத்தனை சுவரை உடைத்தீர்கள், எவ்வளவு செலவழித்தீர்கள் என்ற கணக்கு பொதுவில் வர வேண்டும். பிறகு 2020இல் கொரோனா வந்ததும் சட்டமன்றம் கூட இடம் தேடி, புதிதாகக் கட்டிய கலைவாணர் அரங்கத்துக்கே போனது. கதை எழுதுகிறவர் இப்படி எழுதினால் பத்திரிகை ஆசிரியர் நம்ப மாட்டார்.

இனி பொதுப்பணத்தில் கட்டிய பெரிய கட்டடம் எதன் பயனையும் மாற்றுவதற்கு முன் பொதுக் கருத்துக்கேட்பு நடத்த வேண்டும். அமைச்சரவைத் தீர்மானம் மட்டும் போதாது.

கோரிக்கை 7

மெட்ரோ வரட்டும், நாங்களும் அதில்தான் போகிறோம். சுரங்கம் தோண்டும் தடத்தில் உள்ள பழைய கட்டடங்களின் விரிசல்களைத் தோண்டும் முன்பே படம் எடுத்து, அளந்து, வெளியிடுங்கள். எழும்பூர் செயின்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தை 1821இல் டி ஹாவிலண்ட் சதுப்பு நிலத்தில் நிறுத்தியது கிணறு கிணறாக இறக்கிய அடித்தளத்தின் மேல். இந்த ஊர் மண்ணறிந்த வேலை அது. அப்படிப்பட்ட இடத்தில் நிலத்தடி நீரை இறைத்தால் என்ன ஆகும் என்று முன்கூட்டியே பார்க்க வேண்டும். விரிசல் விட்ட பிறகு அது பழைய விரிசல் என்று சொல்வதைக் கேட்டுக் கேட்டுச் சலித்துவிட்டோம்.

கோரிக்கை 8

தனியார் வீட்டுக்காரரை வில்லனாக்காதீர்கள். மயிலாப்பூரில் திண்ணையும் முற்றமும் உள்ள வீட்டை வைத்திருக்கும் ஒரு முதியவருக்கு ஆண்டுக்கு ஒருமுறை ஓடு மாற்றவே ஓய்வூதியம் போதவில்லை. பக்கத்து வீடு நாலு மாடியாகி, பில்டர் தினமும் கதவைத் தட்டுகிறார். பட்டியலில் வீட்டைச் சேர்த்துவிட்டு அவரைத் தனியே விடுவது அநியாயம். சொத்து வரியில் தள்ளுபடி, பழுதுபார்க்க வட்டியில்லாக் கடன், கட்டாமல் விட்ட மாடிகளின் உரிமையை வேறு இடத்தில் விற்கும் அனுமதி ஆகிய மூன்றும் வேண்டும்.

கோரிக்கை 9

விக்டோரியா பப்ளிக் ஹாலில் நாடகம் நடக்க வேண்டும். 1880களில் ராபர்ட் சிஷோம் வரைந்த மண்டபம் அது. பம்மல் சம்பந்த முதலியாரின் சுகுண விலாச சபை நாடகம் போட்ட மேடை. சிங்காரச் சென்னை திட்டத்தில் மாநகராட்சி அதைச் சீரமைக்கக் கைவைத்தபோது மகிழ்ந்தோம். அங்கே அருங்காட்சியகமும் செல்ஃபி எடுக்கும் மூலையும் வைத்துவிட்டு நின்றுவிடாதீர்கள். தெருக்கூத்துக் குழுவும் கல்லூரி நாடகக் குழுவும் கொடுக்கக்கூடிய வாடகையில், மாதத்தில் பாதி நாள், மேடை எங்களுக்கு வேண்டும். ரிப்பன் மாளிகை, உயர் நீதிமன்றம், கோட்டைக்குள் 1680இல் திருநிலைப்படுத்திய செயின்ட் மேரி தேவாலயம் ஆகியவற்றுக்கு மாநகராட்சிப் பள்ளிப் பிள்ளைகளை ஆண்டுக்கு ஒருமுறையாவது அழைத்துப் போங்கள். பாதுகாப்புச் சோதனையை நாங்கள் மறுக்கவில்லை, வரிசையில் நிற்கிறோம்.

கோரிக்கை 10

கட்டியவர்களின் பெயரையும் எழுதுங்கள். இர்வின், சிஷோம், ஹாரிஸ் என்று வரைந்தவர்களின் பெயரைச் சுற்றுலாத் துறைப் பலகைகள் சொல்கின்றன. உயர் நீதிமன்றத்தையும் கன்னிமாரா நூலகத்தையும் விக்டோரியா ஹாலையும் எழுப்பிய ஒப்பந்தக்காரர் நம்பெருமாள் செட்டி. ரிப்பன் மாளிகை லோகநாத முதலியார் கட்டியது. 1908இல் திறந்த எழும்பூர் நிலையம் சாமிநாத பிள்ளையின் வேலை. இவர்களுக்குக் கீழே செங்கல் சுமந்தவர்களின் பெயர் கிடைக்காது. ‘கொத்தனார்கள், சித்தாட்கள், தச்சர்கள்’ என்றாவது ஒரு வரி பொறிக்க இடம் இருக்கும்.

இந்தச் சாசனத்துக்கு ஐப்பசி பிறப்பதற்குள் பதில் வேண்டும். மூன்றாவது கோரிக்கைக்குப் புதிய சட்டம் தேவையில்லை, அமைச்சரவை கூட வேண்டியதில்லை. ஓர் ஏணியும் நாலு ஆளும் போதும்.

கையெழுத்துப் போட வருகிறவர்களுக்கு: இந்தத் தாளின் பின்பக்கத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம். உங்கள் தெருவில் பூட்டிக் கிடக்கும் கட்டடம் எது, கதவு எண் என்ன, கடைசியாக அது திறந்திருந்ததை எப்போது பார்த்தீர்கள் என்று எழுதிக் கொடுங்கள். இடம் போதாவிட்டால் தனித்தாள் இணையுங்கள்.